ரெண்டு ஊசி, நாலு ட்யூப் ரத்தம்: ஒரு ஏபிஎஸ்என் சீட் கைய விட்டுப் போக இருந்த கதை

முதல்லயே சொல்லிடறேன், இது என் கதை இல்ல. என் தோழி ஒருத்தியோட கேஸ். ராசிபுரம் பக்கத்துப் பொண்ணு, என்னை விட ஏழு வயசு சின்னவ, அக்கா அக்கான்னுதான் கூப்பிடுவா, அவகிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன், பேர் மட்டும் போட வேண்டாம்னுட்டா. ஆனா இதுல நடந்த பெரிய தப்பு அவளோடது இல்ல, நான் குடுத்த அட்வைஸ்தான், அதனாலதான் உக்காந்து முழுசா எழுதணும்னு தோணுச்சு. நான் இதே டல்லாஸ் பக்கம் 2018-ல ஏபிஎஸ்என் பண்ணி இப்ப நைட் ஷிஃப்ட் ஆர்என்னா, அதாவது ரெஜிஸ்டர்டு நர்ஸா இருக்கேன், அந்த தெனாவட்டுல நாம பண்ணாததா நமக்குத் தெரியாததான்னு நெனச்சேன்.

ஏபிஎஸ்என்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: வேற ஏதோ ஒரு டிகிரி ஏற்கனவே வாங்கினவங்க நாலு வருஷ பிஎஸ்சி நர்சிங்க திரும்ப முதல்ல இருந்து படிக்காம, நர்சிங் பாகத்த மட்டும் 11 மாசத்துல இருந்து 18 மாசத்துக்குள்ள அழுத்திப் படிக்கற கோர்ஸ். அமெரிக்கால 1971-லயே செயின்ட் லூயிஸ் யுனிவர்சிட்டில ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம ஊர்ல இப்படி ஒரு வழி கிடையாது, அங்க போஸ்ட் பேசிக்னு ரெண்டு வருஷம் இருக்கே அது ஏற்கனவே ஜிஎன்எம் நர்சிங் டிப்ளமோ முடிச்ச சிஸ்டருங்களுக்கு. இஞ்சினியரிங் முடிச்சவ நேரா நர்சிங்குக்குத் தாவறதுங்கறது ஊர்ல யாருக்கும் புரியாத விஷயம், அது பின்னாடி வருது.

இவ 2010-ல ஈசிஇ முடிச்சவ. பிளஸ் டூல பயாலஜி எடுத்து, மெடிக்கல் கட் ஆஃப் வராம இஞ்சினியரிங் போன கூட்டம், நம்மள்ல பாதி பேரு அப்படித்தான். சிறுசேரில டெஸ்டிங் வேல, கல்யாணம், வீட்டுக்காரரோட வேல விசாவ ஒட்டி வர்ற எச்4 விசால டல்லாஸ் பக்கம் இர்விங், அப்புறம் ஈஏடி, அதாவது வேல பாக்கற பெர்மிட் கெடச்சு ஒரு கம்பெனில காண்ட்ராக்ட் க்யூஏ, 2023 பிப்ரவரில லே ஆஃப். வீட்டுல மூணு மாசம் ரெஸ்யூமே அனுப்பிட்டே இருந்தா, ஒரு நாள் எனக்கு ஃபோன் பண்ணி, "அக்கா, எனக்கு இந்த டெஸ்ட் கேஸ் எழுதறதே வெறுத்துப் போச்சு, நீங்க பண்ணத நான் பண்ண முடியுமா, எனக்கு 34 ஆயிடுச்சே"ன்னா. நான் படிக்கும்போது என் கிளாஸ்ல 50 வயசுக்காரர் ஒருத்தர் இருந்தாரு, லாரி ஓட்டிட்டு இருந்தவர். அதச் சொன்னேன். அவ்ளோதான், ஆரம்பிச்சாச்சு.

பிரீரிக்விசிட்தான், அதாவது அட்மிஷனுக்கு முன்னாடி முடிச்சிருக்க வேண்டிய பாடங்கள்தான் முதல் மலை. அனாடமி அண்ட் ஃபிசியாலஜி ஒண்ணு, ரெண்டு, மைக்ரோபயாலஜி, கெமிஸ்ட்ரி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், நியூட்ரிஷன், லைஃப்ஸ்பான் சைக்காலஜி. ஈசிஇல படிச்ச எதுவும் இதுக்கு ஆகல, கணக்கு மட்டும் கொஞ்சம். இதுல டெக்ஸாஸ்ல ஒரு தனி கூத்து இருக்கு, கவர்ன்மென்ட் காலேஜ்ல இளநிலை டிகிரி வாங்கணும்னா மாநில சட்டப்படி அமெரிக்கன் ஹிஸ்டரி 6 கிரெடிட், கவர்ன்மென்ட் 6 கிரெடிட் படிச்சே ஆகணும், அதுல டெக்ஸாஸ் அரசியலமைப்பும் வரும். நாமக்கல் மாவட்டத்துல பொறந்த பொண்ணு டல்லாஸ்ல நர்ஸ் ஆகறதுக்கு 1836 அலாமோ சண்டைய மனப்பாடம் பண்ணிட்டு இருந்தா. சிரிச்சேன், ஆனா நானும் படிச்சவதான்.

கம்யூனிட்டி காலேஜ்ல சேந்தா, ஃபால் 2023-ல ஏ அண்ட் பி ஒண்ணு, நல்லா வந்துச்சு, அந்த தைரியத்துல 2024 சம்மர்ல அஞ்சு வார கோர்ஸா ஏ அண்ட் பி ரெண்டையும் மைக்ரோவையும் சேத்து எடுத்தா. வேண்டாம்னு சொன்னேன். மூணாவது வாரம் கிட்னி நெஃப்ரான்ல மாட்டிக்கிட்டு ஒண்ண டிராப் பண்ணா, டிரான்ஸ்கிரிப்ட்ல டபிள்யூ, அதாவது பாதில விலகினதுன்னு ஏறிடுச்சு. ஒரு டபிள்யூவால குடி முழுகிடாது, ஆனா சி வாங்கியிருந்தா கத வேற, நெறைய ப்ரோக்ராம்ல சயின்ஸ் சப்ஜெக்டுக்கு பி இருந்தாதான் திரும்பியே பாப்பாங்க. ஃபால்ல திரும்ப எடுத்து ஏ வாங்கினா. டீஸ்ங்கற நர்சிங் என்ட்ரன்ஸ் எக்ஸாம் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, 170 கேள்வி, 209 நிமிஷம், ரீடிங், மேத்ஸ், சயின்ஸ், இங்கிலீஷ், நம்மாளுங்களுக்கு மேத்ஸ் ஊதித்தள்ளற மாதிரி இருக்கும், இங்கிலீஷ்ல கமா எங்க போடறதுன்னு கேக்கறதுலதான் விழுவோம். ஒரே அட்டெம்ப்ட்ல முடிச்சா.

பேர் பிரச்சன

இத கொஞ்சம் நிதானமாவே சொல்றேன், ஏன்னா நம்ம தமிழ் ஆளுங்களுக்கு நெறைய வர்ற தலவலி இது. நமக்கு சர்நேம் கிடையாது. அண்ணா யுனிவர்சிட்டி டிகிரில பேரும் இனிஷியலும். பாஸ்போர்ட் எடுக்கும்போது கிவன் நேம்ல பேரப் போட்டு சர்நேம் கட்டத்த காலியா விட்டுட்டாங்க. அது அமெரிக்க விசால வரும்போது, ஒரே பேர்னா அத சர்நேமாக்கிட்டு ஃபர்ஸ்ட் நேம் இடத்துல எஃப்என்யூன்னு அடிச்சுடுவாங்க, ஃபர்ஸ்ட் நேம் அன்நோன். இங்க லைசென்ஸ்ல இருந்து லைப்ரரி கார்டு வரைக்கும் இவ பேரு எஃப்என்யூ. டாக்டர் ஆபீஸ்ல "ஃப்னூ? ஃப்னூ இருக்காங்களா?"ன்னு கூப்பிடுவாங்க, அவளும் எழுந்து போவா.

வீட்டம்மாவா இருக்கற வரைக்கும் இது ஜோக். நர்சிங்குக்கு வந்தா ஜோக் இல்ல. பேக்ரவுண்ட் செக், ஃபிங்கர்பிரின்ட், ட்ரக் டெஸ்ட், போர்டு ஆஃப் நர்சிங், கடைசில நர்ஸ் லைசென்ஸுக்கான என்சிஎல்இஎக்ஸ் பரீட்ச எழுதப் போகும்போது கைல இருக்கற ஐடியும் ரெஜிஸ்டர் பண்ண பேரும் எழுத்து எழுத்தா ஒத்துப்போகணும், இல்லன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. இவளோட மார்க் ஷீட்ல ஒரு பேரு, பாஸ்போர்ட்ல ஒரு பேரு, சோஷியல் செக்யூரிட்டில ஒரு பேரு. நான் இத என் டைம்ல கஷ்டப்பட்டு கத்துக்கிட்டதால இந்த ஒரு விஷயத்துல மட்டும் அவள முன்னாடியே வெரட்டினேன், 2024 ஆரம்பத்துல ஹூஸ்டன் கான்சுலேட்டுக்கு பாஸ்போர்ட் ரீஇஷ்யூ போட்டு, அப்பா பேர சர்நேமா பிரிச்சு, அதுக்கப்புறம் ஒவ்வொரு ஆபீஸா ஏறி இறங்கி எல்லாத்தையும் மாத்தி முடிக்க வருஷம் ஓடிப்போச்சு. டிகிரிய மதிப்பீடு பண்ண வெஸ்ங்கற அமைப்புக்கு அனுப்பும்போது மார்க் ஷீட்ல இருக்கற பழைய பேரையும் சேத்துக் குடுத்தா. கிண்டில இருந்து சீல் வச்ச கவர் வாங்க அவ அப்பா ராசிபுரத்துல இருந்து பஸ் ஏறி ரெண்டு தடவ போனாரு. மூணாவது செமஸ்டர் மேத்ஸ் அரியரும் அந்த டிரான்ஸ்கிரிப்ட்ல பத்திரமா கடல் தாண்டி வந்துச்சு, யாரும் அதக் கண்டுக்கல, பிரீரிக்விசிட் மார்க்கத்தான் உத்துப் பாத்தாங்க.

அக்டோபர் 17

2025 அக்டோபர் 17, வெள்ளிக்கிழம, அட்மிஷன் வந்துச்சு. 12 மாச ப்ரோக்ராம், ஜனவரி ஸ்டார்ட். அழுதா, வீட்டுக்காரர் கேசரி கிண்டினாரு, எனக்கு ஃபோட்டோ வந்துச்சு. மறுநாள் அந்த லெட்டரோட கூட வந்த செக்லிஸ்ட்ட அனுப்பினா, அப்பதான் எனக்கு வயித்தக் கலக்குச்சு. எல்லா ஹெல்த் ரெக்கார்டும் டிசம்பர் 19-க்குள்ள அப்லோட் ஆகணும், இல்லன்னா சீட் அடுத்தவங்களுக்குப் போயிடும். சரியா ஒன்பது வாரம்.

இங்கதான் என் தப்பு. 2024-லயே அவ கேட்டா, "அக்கா, ஊசியெல்லாம் இப்பவே போட்டுடவா?" நான் சொன்னேன், "அட்மிஷன் வரட்டும்டி, வராட்டி எதுக்கு வெட்டிச் செலவு, அதெல்லாம் ரெண்டு வாரத்துல முடிஞ்சுடும்." எனக்கு அப்படி முடிஞ்சுது, உண்மதான், ஏன்னா நான் அதுக்கு முன்னாடியே ஒரு டாக்டர் ஆபீஸ்ல ஃப்ரன்ட் டெஸ்க் வேல பாத்ததால ஹெபடைடிஸ் பி ஊசியெல்லாம் எப்பவோ போட்டிருந்தேன். அத சுத்தமா மறந்துட்டு அவளுக்கு அட்வைஸ் பண்ணியிருக்கேன்.

1980கள்ல பொறந்த நம்ம ஊர்ப் பிள்ளைங்களோட தடுப்பூசிக் கணக்கு இங்கத்திக் கணக்கோட ஒட்டாது. நமக்கு அரசாங்க ஊசில மீசில்ஸ் (தட்டம்மை) மட்டும்தான், மம்ப்ஸும் (பொன்னுக்கு வீங்கி) ரூபெல்லாவும் கிடையாது, ரூபெல்லா சேந்த எம்ஆர் ஊசி தமிழ்நாட்டுக்கு வந்ததே 2017-ல. ஹெபடைடிஸ் பி நாடு முழுக்க வந்தது 2011-ல. சின்னம்மைக்கு அரசு ஊசியே இல்ல, அம்மை போட்டா வேப்பிலைதான். இங்க ஸ்கூல்ல கேக்கறது ஊசி போட்ட ரெக்கார்டு, இல்லன்னா டைட்டர்னு ஒரு ரத்தப் பரிசோதன, உடம்புல எதிர்ப்பு சக்தி இருக்கான்னு காட்டறது. இவ அம்மாகிட்ட கேட்டதுக்கு, "உனக்கு அஞ்சு வயசுல அம்மை போட்டு பதினோரு நாள் வேப்பிலைல படுக்க வச்சேன், அதுக்கு மேல என்னடி ரெக்கார்டு"ன்னாங்களாம். அக்டோபர் 21 ரத்தம் குடுத்தா, 24 ரிசல்ட். சின்னம்மைக்கு எதிர்ப்பு சக்தி பிரமாதமா இருக்கு, அம்மா சொன்னது சரி. மீசில்ஸுக்கும் இருக்கு. மம்ப்ஸுக்கு இல்ல, ரூபெல்லாவுக்கு இல்ல, ஹெபடைடிஸ் பிக்கு சுத்தமா இல்ல.

ஹெபடைடிஸ் பி வழக்கமான ஊசி மூணு டோஸ், இன்னிக்கு ஒண்ணு, ஒரு மாசம் கழிச்சு ஒண்ணு, ஆறாவது மாசம் ஒண்ணு. அதாவது 2026 ஏப்ரல் கடைசி. டெட்லைன் டிசம்பர் 19. அந்த ராத்திரி எனக்கு ஷிஃப்ட்டு, பிரேக்ல உக்காந்து எங்க பார்மசிஸ்ட்கிட்ட கேட்டேன், அவர் அசால்ட்டா ஹெப்லிசாவ் போடச் சொல்லுங்கன்னாரு. பெரியவங்களுக்குன்னே 2017-ல அப்ரூவ் ஆன ஊசி, ரெண்டே டோஸ், நாலு வார இடைவெளி. வாக்-இன் கிளினிக்ல கேட்டா ஸ்டாக் இல்லன்னாங்க, அவங்க பழைய மூணு டோஸயே ஆரம்பிச்சுடறோம்னு ரெடியா ஊசிய எடுத்துட்டாங்க, இவ நல்லவேளையா கைய இழுத்துக்கிட்டு எனக்கு ஃபோன் பண்ணா. வேற ஒரு பார்மசில கெடச்சுது. அக்டோபர் 27 திங்கக்கிழம, ஒரு கைல ஹெப்லிசாவ் முதல் டோஸ், இன்னொரு கைல மீசில்ஸ், மம்ப்ஸ், ரூபெல்லா மூணுக்கும் சேத்துப் போடற எம்எம்ஆர் முதல் டோஸ்.

அப்பாடான்னு இருந்தோம். ரெண்டு நாள் கழிச்சு டிபி டெஸ்டுக்கு அப்பாயின்ட்மென்ட். டிபி டெஸ்ட்ல நான் புலி, ஏன்னா 2018-ல எனக்கு கைல தோலுக்கடில மருந்து விட்டுப் பாக்கற டெஸ்ட் பண்ணி, மூணாவது நாள் கை அதிரசம் மாதிரி வீங்கி, எக்ஸ்ரே எடுத்து, டிபி இருக்கோன்னு ஒரு வாரம் தூங்கல. நமக்கெல்லாம் தோள்ல வட்டமா தழும்பு இருக்கே பிசிஜி, அது போட்டிருந்தா அந்த ஸ்கின் டெஸ்ட் சும்மாவே பாசிட்டிவ் காட்ட வாய்ப்பு இருக்கு. ஐஜிஆர்ஏன்னு ரத்த டெஸ்ட் இருக்கு, குவான்டிஃபெரான்னு சொல்லுவாங்க, அத பிசிஜி ஏமாத்தாது. அதத்தான் எடுக்கணும்னு அவகிட்ட பத்து தடவ சொல்லியிருந்தேன். எனக்குத் தெரியாம விட்டது என்னன்னா, எம்எம்ஆர் உயிருள்ள வைரஸ் ஊசி, அதப் போட்டா டிபி டெஸ்ட்டோட ரிசல்ட்ட அமுக்கிடலாம், அதனால ஒண்ணு ஊசி போட்ட அதே நாள்ல டெஸ்ட் எடுக்கணும், இல்ல நாலு வாரம் காத்திருக்கணும். லேப்ல வேல பாக்கற லேடி, போன மாசத்துல ஏதாவது ஊசி போட்டியான்னு கேட்டதாலதான் தெரிஞ்சுது. 27-ஆம் தேதியே ரத்தத்த எடுத்திருந்தா வேல முடிஞ்சிருக்கும்.

இப்ப காலண்டரப் பாருங்க. எம்எம்ஆர் ரெண்டாவது டோஸ் 28 நாள் கழிச்சுதான், நவம்பர் 24. ஹெப்லிசாவ் ரெண்டாவது டோஸ் நாலு வாரம், நவம்பர் 24. டிபி ரத்தம் நாலு வாரம், நவம்பர் 24. மூணும் ஒரே நாள். அன்னிக்கு எம்எம்ஆர் மட்டும் போட்டுட்டு ரத்தம் குடுக்கத் தவறினா திரும்ப நாலு வாரம், டிசம்பர் 22, அதாவது டெட்லைன் தாண்டிடும். அந்த நாள் தேங்க்ஸ்கிவிங் வாரத் திங்கக்கிழம, பாதி எடத்துல ஆள் லீவு. நான் நைட் ஷிஃப்ட் முடிச்சு தூங்காம அவள கார்ல ஏத்திக்கிட்டு காலைல எட்டு மணிக்கு லேப் வாசல்ல நின்னேன், என் தப்புக்கு பரிகாரம்னு வச்சுக்கங்க. முதல்ல ரத்தம், நாலு ட்யூப், அப்புறம் பத்து நிமிஷம் ட்ரைவ், பார்மசில ரெண்டு கைலயும் ஊசி. திரும்பி வரும்போது அவ ஸீட் பெல்ட் போட முடியாம கைய தூக்கிட்டே உக்காந்திருந்தா, போற வழில சரவண பவன்ல பொங்கல் சாப்பிட்டோம், அவளுக்கு நான்தான் வடைய பிச்சுக் குடுத்தேன். டிபி நெகட்டிவ்னு டிசம்பர் முதல் வாரம் வந்துச்சு. ஹெபடைடிஸ் பி டைட்டர கடைசி டோஸ் போட்டு ஒண்ணுல இருந்து ரெண்டு மாசத்துக்குள்ள எடுக்கணும், அது ஜனவரின்னு ஸ்கூலுக்கு எழுதிக் கேட்டோம், ரெண்டு டோஸ் போட்ட ப்ரூஃப் இருந்தா போதும்னு ஒத்துக்கிட்டாங்க.

பிஎல்எஸ்ங்கற அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிலயும் ஒரு சின்ன சறுக்கல், ஆன்லைன்ல முப்பது டாலருக்கு ஒரு சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டா, பொம்ம மேல கைய வச்சு அமுக்கிக் காட்டாத சர்ட்டிஃபிகேட் செல்லாதுன்னு ரிஜெக்ட். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் கிளாஸ்தான் வேணும்னு செக்லிஸ்ட்லயே இருந்துச்சு, படிக்கல. போய் 30 அமுக்கு 2 மூச்சுன்னு வேர்த்து விறுவிறுத்து வாங்கிட்டு வந்தா.

காசும் காகிதமும். எச்4-ல இருந்தா ஃபெடரல் லோன் கிடையாது, அதுக்கான எஃப்ஏஎஃப்எஸ்ஏ ஃபார்ம் பக்கமே போக வேண்டாம். பிரைவேட் லோனுக்கு பெரும்பாலும் சிட்டிசனோ கிரீன் கார்டோ இருக்கற கோ-சைனர் கேப்பாங்க. இவங்க வீடு வாங்க வச்சிருந்த டவுன் பேமென்ட்ல இருந்து எடுத்தாங்க, அதப் பத்தி அவங்களுக்குள்ள ஒரு மாசம் பேச்சுவார்த்த நடந்துச்சு, அது எனக்கு எதுக்கு. படிக்கறதுக்கு ஈஏடி தேவையில்ல, எச்4-லயே படிக்கலாம். முடிச்சப்புறம் வேலைக்குதான் வேணும், ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு ஹாஸ்பிடல் எச்1பி வேல விசா போடறது அரிது, ஏன்னா ரெண்டு வருஷ அசோசியேட் டிகிரி வச்சே ஆர்என் ஆகலாம்ங்கறப்ப அது எச்1பி வேலைக்குள்ள சுலபமா அடங்காது. 2025 அக்டோபர் 30-ல இருந்து ஃபைல் பண்ற ஈஏடி ரெனியூவலுக்கு ஆட்டோமேட்டிக் எக்ஸ்டென்ஷனும் எடுத்துட்டாங்க. அவளோடது 2027 மார்ச் வரைக்கும் இருக்கு, 180 நாள் முன்னாடி ஃபைல் பண்ணலாம், படிப்போட உச்சத்துல செப்டம்பர்ல அத ஞாபகம் வச்சுக்கணும், ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கா.

வீட்டு ஏற்பாடு நம்ம டிபிக்கல் ஏற்பாடு. பொண்ணு மூணாங்கிளாஸ். கிளினிக்கல், அதாவது ஹாஸ்பிடல் பயிற்சி, காலைல ஏழுல இருந்து ராத்திரி ஏழு, ஆறரைக்கே அங்க நிக்கணும். அதனால முதல் ஆறு மாசம் அம்மா, அடுத்த ஆறு மாசம் மாமியார், விசிட்டர் விசால ஆறு ஆறு மாசமா. மாமியார்தான் முதல்ல, "லட்ச லட்சமா கட்டி இஞ்சினியர் ஆக்கினது பெட்பேன் எடுக்கவா"ன்னு கேட்டவங்க. இப்ப சேலத்துல சொந்தக்காரங்ககிட்ட மருமக ஏதோ மருத்துவம் சம்பந்தமா மேல்படிப்பு படிக்கறாள்னு சொல்லிக்கறாங்களாம். ஜூலைல வரேன்னு ஒத்துக்கிட்டாங்க, அது போதும்.

பெட்பேன்னதும் ஞாபகம் வருது. 2025 சம்மர்ல அவள சிஎன்ஏ, அதாவது நர்சிங் உதவியாளர் கோர்ஸ் எடுக்கச் சொன்னேன், நான் குடுத்ததுல உருப்படியான அட்வைஸ் இது. ஃபெடரல் கணக்குல குறைஞ்சது 75 மணி நேரம், டெக்ஸாஸ்ல 100. ஒரு நர்சிங் ஹோம்ல சனி ஞாயிறு வேல பாத்தா. முதல் நாள் ஒரு பாட்டிக்கு பெட்ல வச்சே குளிப்பாட்டணும், டர்க்கி டவல நனைச்சு முகத்துல ஆரம்பிச்சு, சோப் இல்லாம கண்ணத் தொடச்சு, ஒவ்வொரு பாகமா போர்வைய விலக்கி தொடச்சு மூடி. இவளுக்கு கை நடுங்கியிருக்கு, தண்ணி ஆறிப்போச்சு, அந்தப் பாட்டி கண்ண மூடிட்டே "தண்ணிய மாத்தும்மா கண்ணு, ஜில்லுனு இருக்கு"ங்கற தொனில இங்கிலீஷ்ல சொல்லியிருக்காங்க. அன்னிக்கு ராத்திரி எனக்கு ஃபோன் பண்ணி, தண்ணி எவ்ளோ நேரத்துல ஆறும்னு எந்தப் புக்லயும் இல்லக்கான்னா. இந்தப் பொண்ணு தாங்கும்னு எனக்கு அப்பதான் தோணுச்சு. நெறைய பேர் மார்க்கெல்லாம் வாங்கி உள்ள வந்து முதல் கிளினிக்கல்ல ஒரு டயப்பர் மாத்தினதும் காணாமப் போவாங்க, அவ்ளோ காசு கட்டினதுக்கு அப்புறம்.

டிசம்பர்ல ஒரு வேலதான் மிச்சம், டோசேஜ் கால்குலேஷன், முதல் வாரமே டெஸ்ட், 90 சதவீதம் வேணும். மேத்ஸ்ல புலிதான, நான் கண்டுக்கவே இல்ல. ஒரு ஷீட் குடுத்துப் பாத்தேன். 1000 எம்எல் 8 மணி நேரத்துல ஏறணும், ஒரு எம்எல்லுக்கு 15 சொட்டு விழற செட்டு, நிமிஷத்துக்கு எத்தன சொட்டு? 1000-த்த 15-ஆல பெருக்கி 480-ஆல வகுத்து 31.25-னு எழுதினா. கணக்கு சரி, ஆனா கால் சொட்டு எப்படிடி விழும்? 31. அடுத்தது மார்ஃபின் கணக்கு, 5.0-ன்னு எழுதியிருந்தா, லேப் ரெக்கார்டு எழுதின பழக்கம், புள்ளிக்கு அப்புறம் ஒரு சைபர் இல்லன்னா அவளுக்கு மனசு ஆறாது. அத சிவப்புல அடிச்சேன். அந்தப் புள்ளி சரியாத் தெரியலன்னா அது 50, நோயாளி மூச்ச நிறுத்திடுவாரு. அதே மாதிரி .5-ன்னு எழுதக் கூடாது, 0.5-ன்னு முன்னாடி சைபர் போட்டே ஆகணும், இல்லன்னா அது 5. முன்னாடி சைபர் கட்டாயம், பின்னாடி சைபர் கூடவே கூடாது. நாலு வருஷ இஞ்சினியரிங் கைப்பழக்கத்த மூணு வாரத்துல மாத்தினா, மளிகை லிஸ்ட்ல கூட இப்ப 0.5 கிலோ உளுந்துன்னுதான் எழுதறா.

அம்மா ஜனவரி 4 வந்து இறங்கினாங்க, பெட்டி முழுக்க பருப்புப் பொடி. டோசேஜ் டெஸ்ட் பாஸ். ஹெபடைடிஸ் பி டைட்டர் போன வாரம் வந்துச்சு, 10 இருந்தா போதும், அவளுக்கு நூத்துக்கு மேல. நேத்து கிளினிக்கலுக்கான ஐடி பேட்ஜ் குடுத்திருக்காங்க, ஃபோட்டோ எடுத்து அனுப்பினா. 2023-ல அவ முதன்முதலா ஆரம்பிச்ச அப்ளிகேஷன் அக்கவுண்ட்ல இருந்து பேர எடுத்து அடிச்சிருக்காங்க போல, நல்லா பெரிய எழுத்துல, எஃப்என்யூ, ஸ்டூடன்ட் நர்ஸ். மாத்தி அடிச்சுத் தர ஒரு வாரம் ஆகுமாம், முதல் கிளினிக்கல் திங்கக்கிழம.